பதினோரு விநாடி வலைக்காரர்

காலை ஐந்து நாற்பது. கடற்கரை நிலையத்தில் ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்து, அடுத்த நிலையமான ராயபுரத்தில் இறங்கினேன். தோளில் மடிக்கணினி. பழைய சாமான் கடைகளில் நான் தேடிச் சேர்த்த படச்சுருள்களெல்லாம் அதற்குள் ஏறியிருக்கின்றன. யாரோ எப்போதோ எடுத்துத் தொலைத்த காட்சிகளை வெட்டி ஒட்டிக் கண்காட்சிகளில் இரண்டு திரைகளில் ஓடவிடுவது என் தொழில். மதுரையில் என் அம்மா இதைக் குப்பை பொறுக்குவது என்பாள். முழுப்பொய் என்று சொல்லிவிட முடியாது.

வாசலில் ஆட்டோவோடு சேகர் நின்றிருந்தார். போன மாதம் இவர் வண்டியில்தான் சுற்றினேன். காசிமேட்டில் ஒருவர் வலை சரிசெய்யும் பதினோரு விநாடிக் காட்சியை அப்போது காட்டியிருந்தேன். அதை இவர் தன் அத்தை மல்லிகாவிடம் சொல்லப்போக, அவர் பிடித்துக்கொண்டார். அவருடைய கணவரும் அங்கே வலை சரிசெய்யும் வேலை பார்த்தவர்; இறந்து முப்பது வருடம். இருந்த ஒரே போட்டோவும் வெள்ளத்தில் ஊறிப் போய்விட்டது.

"அத்த ராவெல்லாம் தூங்கல சார். அவுருதான்னு நம்பிக்கினு கீது."

கல்மண்டபம் வழியாக இரண்டு கிலோமீட்டர், எண்பது ரூபாய். மீன் வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, மல்லிகா மீன் விற்கும் காசிமேட்டுச் சந்தைக்குப் போய்ச் சேர ஆறே கால் ஆனது. அவராக இல்லாவிட்டால்?

மல்லிகா சங்கரா மீனை ஈரச்சாக்கால் மூடிவிட்டு, கையைப் புடவையில் துடைத்தபடி வந்தார். ஓடவிட்டேன். முகம் பாதிதான் தெரியும். பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"இது அவுரு இல்ல நைனா. எங்க வூட்டுக்காரரு பீச்சாங்கைல ஊசி புடிப்பாரு. இந்தாளு சோத்தாங்கைல புடிக்கிறாரு."

சேகர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சுருக்கென்றது. இடதுபக்கத் திரையில் இருப்பவர் உள்பக்கம் பார்த்தால் அழகாயிருக்குமே என்று, கண்ணாடியில் தெரிவதுபோல் காட்சியை நானே திருப்பிவைத்திருந்தேன். எங்கள் தொழிலில் ஒரு பொத்தான் வேலை. யாரும் இரண்டாம் முறை யோசிப்பதில்லை. அசலைத் தேடி எடுத்து ஓட்டினேன்.

வலை ஊசி இடது கைக்குப் போயிருந்தது. மல்லிகா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"யோவ்," என்றார், திரையைப் பார்த்து.

அழுதார். என்னாலும் அழுகையை அடக்க முடியவில்லை. காட்சி முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஓடியது. ஓயாமல் சுற்றும்படி வைத்திருந்தேன். சேகரின் போனில் அசலை ஏற்றிக் கொடுத்துவிட்டு, இதைக் கண்காட்சியில் வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"வையி," என்றார் மல்லிகா. பிறகு என்னை முறைத்தார். "ஆனா இன்னா நைனா இது? நிறுத்தாம வேல வாங்கிக்கினே கீற. கொஞ்ச நேரம் அவர குந்த வுடு."

மதியம் மதுரை ரயிலில், விழுப்புரம் தாண்டியதும் மடிக்கணினியைத் திறந்தேன். பதினோரு விநாடி அவர் வேலை செய்வார். பிறகு பத்து நிமிடம் திரை சும்மா இருக்கும். பார்க்க வருகிறவர்கள் காத்திருக்கட்டும்.