மீதியை நிரப்புக

மகளின் கைபேசியில் ஓடிய இங்கிலீஷ் பாடம் "ஐ ஆம் அஃப்ரெய்டு ஆஃப்..." என்று நிறுத்தி, மீதியை நிரப்பச் சொன்னது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

எங்கள் இங்கிலீஷ் வாத்தியாரும் இப்படித்தான் பாதியில் நிறுத்துவார். நாங்கள் நாய், பாம்பு, பேய் என்று முடிப்போம். பாவாடை ஓரம் பனியில் நனைய வத்தல்மலையிலிருந்து நடந்தே வரும் செல்வி மட்டும், "ஐ ஆம் அஃப்ரெய்டு ஆஃப் யூ, சார்" என்றாள். வகுப்பே சிரித்தது.

"மலைக்காரிக்கு வாயப் பாரு!"

"நீங்கதானுங்க சார் நிரப்பச் சொன்னீங்க?"

புளியங்குச்சி முறியும்வரை அடித்தார். பிழையே இல்லாத வாக்கியத்துக்கு! மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவேயில்லை.

"அடுத்தது 'ஆங்ரி வித்'. உங்களுக்கு யார் மேலப்பா கோவம்?" என்றாள் மகள்.

"அந்தாளு மேல. அன்னிக்குக் கூடச் சேந்து சிரிச்சேனே, என் மேலயும்தான்."