அக்காவின் அடைத்த பல்

நகம் தீயில் கருகும்போது எழுகிற வாசனை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பல் டாக்டரின் அறையில் அன்று நிறைந்திருந்தது. தையல் மிஷினை மிதிப்பதுபோல் அவர் காலால் மிதிக்க மிதிக்க, சின்ன ஊசியொன்று என் அக்கா ரூத்தின் கடைவாய்ப் பல்லைக் குடைந்தது. அக்கா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாளே தவிர, முனகக்கூட இல்லை. யுத்தகாலம். எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினெட்டு. ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். "சொத்தை"யைப் பிடுங்கிவிடலாம் என்றுதான் அம்மா சொன்னாள். கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளையின் வாயில் ஓட்டை எதற்கு, அடைக்கிற வைத்தியம்தான் வந்திருக்கிறதே என்று சொல்லி, ராஜபாளையத்தில் மில் கிளார்க்காக இருந்த அப்பா, மதுரையிலிருந்து சனிக்கிழமை மட்டும் வந்துபோகும் அந்த டாக்டரிடம் எங்கள் இருவரையும் கூட்டிப்போனார். இரண்டு நாள் விண்விண் என்றிருக்கும், பிறகு சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அக்கா வாயை அரைகுறையாகத் திறந்து பாடினாள். திங்கட்கிழமை கஞ்சியை ஆறவைத்துக் குடித்தாள். செவ்வாய்க்கிழமை தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, கிணற்றுச் சுவரில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, எலும்புக்குள்ள இடிக்காப்புல இருக்கு. அப்பாட்ட சொல்லிராத. அவிய ஆசைப்பட்டு அடைச்ச பல்லு."

அக்கா என்னை நம்பி ஒரு ரகசியம் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமையில் நான் வாயே திறக்கவில்லை. அவள் சாப்பிடாமல் ஒதுக்கிய சோற்றை என் தட்டில் வாங்கிக்கொண்டேன்; கன்னத்தைத் தாவணியால் மறைத்துக்கொண்டு அவள் நடமாடியதை அம்மா கல்யாண வெட்கம் என்று நினைத்துச் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

வியாழக்கிழமை காலையில் தாடைக்குக் கீழே கழுத்துவரை வீங்கிவிட்டது. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாதபடி வாய் இறுகிவிட்டது. அப்பா மில்லுக்குப் போகாமல் எங்களைப் பஸ்ஸில் ஏற்றினார். பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்து ஓட்டிய "கரி பஸ்" அது. மேட்டில் திணறி நின்றபோதெல்லாம் எல்லோரும் இறங்கித் தள்ளினோம், அக்கா மட்டும் உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், சாய்ந்தால் மூச்சு முட்டுகிறது என்று. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கழுத்தைக் கீறினார்கள். சீழ் தொண்டைக்கு இறங்கிவிட்டது, இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் பல்லை எடுத்துவிட்டு ஏதாவது செய்திருக்கலாம் என்றார் பெரிய டாக்டர். புதிதாக ஒரு மருந்து வந்திருக்கிறதாம், அது பட்டாளத்துக்கு மட்டும்தான் போகிறதாம்.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா போய்விட்டாள். பல் டாக்டர் அந்நேரம் இரண்டு தெரு தள்ளி, தம் அறையில் யாருக்கோ மிஷினை மிதித்துக்கொண்டிருந்திருப்பார்.

வராந்தாவில் அப்பா அம்மாவிடம் சொன்னார்: "நீ புடுங்கத்தான சொன்ன. நாந்தான் அடைக்கச் சொன்னேன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பா அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். வீட்டில் யாராவது பல்வலி என்றால் எழுந்து வெளியே போய்விடுவார். அப்போதும் நான் சொல்லவில்லை. அவர் படுக்கையில் விழுந்த கடைசி மாதத்தில், சொல்லிவிடுவதென்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "ரூத்து வந்துட்டியா" என்றார். ஆமாம் என்றேன்.

கரி பஸ்கள் யுத்தத்தோடு போயின. பல் டாக்டரின் அறை இருந்த இடத்தில் இன்று மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. அக்காவைப் படம் எடுத்துவைக்கவில்லை, கல்யாணத்தன்று எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். கண்ணை மூடினால் வியாழக்கிழமைக் காலையின் அந்த வீங்கிய முகம் வருகிறது. அதற்கு முந்திய பதினெட்டு வருஷத்து முகம் எப்படி இருந்ததென்று, இன்று கேட்பதற்கு ஒருவரும் இல்லை.