மாமாவிடம் சொன்ன பொய்

இதை எழுதக் கை கூசுகிறது. திண்டிவனத்திலிருந்து தினமும் விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவள் நான். என் மாமனாருக்குப் போன வருடம் சிறுநீர்ப்பையில் புற்றுநோய்க் கட்டி எடுத்தார்கள். அது திரும்ப வருகிறதா என்று பார்க்க, சிறுநீரில் டி.என்.ஏ. பரிசோதனை செய்யச் சொன்னார் டாக்டர்.

விழுப்புரம் லேபில் கொடுக்கச் சொல்லி மாமா சிறுநீர் பிடித்த பாட்டிலை என்னிடம் தந்தார். பஸ்ஸில் அது கசிந்து பை நனைந்தது. பக்கத்திலிருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். அவமானத்தில், இறங்கியதும் குப்பைத்தொட்டியில் வீசிவிட்டேன். அடுத்த வாரம் மாமா கேட்டபோது, "ஒண்ணும் இல்லையாம் மாமா" என்றேன். எழுதப் படிக்கத் தெரியாத அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒரே மாதத்தில் அவருக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

மாமா திட்டவில்லை. "என் மூத்திரத்த தூக்கிக்கினு போறது கூச்சமாத்தாம்மா இருக்கும். சொல்லியிருந்தா நானே பஸ் ஏறியிருப்பேனே" என்றார்.

மறுநாள் டாக்டர் உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார். கட்டி மறுபடி முளைத்திருந்தது. நல்லவேளையாக ஆழமாக இறங்கவில்லை, எடுத்துவிட்டார்கள். "அன்னிக்கே டெஸ்ட் குடுத்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கலாம்மா" என்றார் டாக்டர். எனக்குத் தலை நிமிரவில்லை.

இப்போதெல்லாம் மாமாவுடன் நானும் லேபுக்குப் போகிறேன். ரிப்போர்ட்டை அங்கேயே அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன். இருந்தாலும் என் கணவர் வீட்டுக்கு வந்ததும், அவரை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்கிறார் மாமா. ரிப்போர்ட்டை நானே எடுத்துக் கொடுக்கிறேன்.