கொலுப்படியில் மீன்கடை

பெருங்குடியில் பார்த்த வேலை போன பிறகு, மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டேன். இடித்த வீடுகளின் சட்டங்களில் பெஞ்சும், ஒடிந்த கரண்டிகளில் கொக்குப் பொம்மையும் செய்தேன். குப்பை பொறுக்குகிறான் என்றார்கள் சொந்தக்காரர்கள். பொய்யில்லையே, பொறுக்கத்தான் செய்தேன். ஆனால் எனக்கு ஒன்று செய்து கொடு என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் உறுத்தியது.

முதலில் கேட்டவர், பட்டினப்பாக்கத்தில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அக்கா. முட்டி தேய்ந்து, தரையில் உட்கார முடியாமல் போயிருந்தது அவருக்கு.

"குந்தினா எய்ந்திருக்க முடில நைனா. இப்டியே போனா கடய வுட்டுட்டு வூட்லதான் கெடக்கணும். நீ இன்னாவோ செய்றியாமே, எனக்கு ஒண்ணு செஞ்சு குடேன்."

பழைய கதவுச் சட்டத்தில் ஒரு முக்காலி செய்து, மெழுகு தேய்த்து, பளபளவென்று கொண்டுபோனேன். உட்கார்ந்து பார்த்து, "சொகமா கீது" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்து ஒரு வஞ்சிரத்தை எடுத்தார். அரிவாள்மணை தரையில் இருந்தது. அதன் பலகையைப் பாதத்தால் அழுத்திக்கொண்டால்தான் மீன் அறுக்க முடியும். முக்காலியிலிருந்து குனிந்தால் பாதம் எழும்பியது, பலகை ஆடியது.

"குந்த வச்சுட்ட. இப்ப மீன நீ அறுக்கிறியா?"

பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் சிரித்தார்கள். வாராவாரம் அவர் அறுத்துத் தந்ததைச் சாப்பிட்டவன், எப்படி அறுக்கிறார் என்று ஒருநாளும் கவனித்ததில்லை. வெட்கமாக இருந்தது.

அந்த வாரம்தான் கீழ்வீட்டு மாமி தன் கொலுப்படிகளை என்னிடம் கொடுத்தார். நல்ல தேக்கு. "இனிமே எங்காத்துல கொலு இல்லை. ஏதாவது நல்ல காரியத்துக்கு வச்சுக்கோப்பா" என்றார்.

படிகளைப் பார்த்ததுமே விடை கிடைத்துவிட்டது. இரண்டு படி போதும். மேல்படியில் அக்கா, கீழ்ப்படியில் போல்ட் போட்டு இறுக்கிய அரிவாள்மணை. காலை மடக்கவும் வேண்டாம், மணையை மிதிக்கவும் வேண்டாம். அக்கா முதல் மீனை அறுத்தார். ஆடவில்லை. கூடை காலியானதும், யார் கையையும் பிடிக்காமல் எழுந்தார்.

மாமியிடம் மட்டும் சொல்லவில்லை. வெங்காயம்கூடச் சேர்க்காத வீடு அது. சாமி வைத்த படியில் மீன் அறுக்கிறார்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? "படி என்னாச்சு?" என்று கேட்கும்போதெல்லாம் மென்று முழுங்கினேன். ஒருநாள் நேராகவே கேட்டார்: "வித்துட்டியா?" அந்தப் பழி தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மாமி கதவைப் பிடித்துக்கொண்டு தன் முட்டியைத் தடவினார்.

"குனிஞ்சு பொம்மை அடுக்க இந்த முட்டி விடலைன்னுதான் நான் கொலுவையே விட்டேன். அவளாவது விடாம இருக்காளே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த இருவர் இல்லையென்றால் நான் இன்றைக்கும் வெறுமனே குப்பை பொறுக்கிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

அதன் பிறகு மாமி படியைப் பற்றிக் கேட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் மீன் பையோடு திரும்பினால், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, எட்ட நின்றபடி கேட்பார்:

"அவளுக்கு முட்டி தேவலையா?"