எண்ணூறு மெமரி எழுநூறில் ஓடியது

போர்க்காலம். மனைவியும் மகளும் சென்னைக்குப் போனபின் அன்புவழிபுரம் வீட்டில் நான் தனி. மகளோடு முகம் பார்த்துக் கதைக்கவென்று கொழும்புக் கடையொன்றில் பாகங்கள் எடுப்பித்து, நானே பொருத்திக் கணினி பூட்டினேன். எண்ணூறு மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடவேண்டிய மெமரி எழுநூறில்தான் ஓடியது. வரும் வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் பார்சலைப் பிரித்திருந்தார்கள். பயந்துபோய்க் கடைக்காரருக்குப் போன் எடுத்தேன்.

"மெமரியை மாத்திப்போட்டாங்கள், தம்பி."

"இல்லை அண்ணை. புரொசசர் வேகத்தை முழு எண்ணால பிரிச்சுத்தான் மெமரிக்கு வேகம் வரும். கூடின வேகமெண்டு நீங்கள் கேட்ட புரொசசருக்கு மல்டிப்ளையர், அதான் வேகத்தைப் பெருக்கிற எண், பத்தரை; சரியாப் பிரிபடாது. பத்தெண்டால் எண்ணூறே வந்திருக்கும்."

இப்போது மல்டிப்ளையரைப் பார்த்த பிறகே புரொசசர் வாங்குகிறேன்.

அன்று போனை வைக்க மனம் வரவில்லை. "இன்னொருக்காச் சொல்லுங்கோ, தம்பி" என்றேன். எனக்கு விளங்கித்தான் இருந்தது. இணைய இணைப்பு இன்னும் வந்திருக்கவில்லை; அந்தக் கிழமை முழுக்க என்னோடு கதைத்த குரல் அது ஒன்றுதான்.