காத்து அடிக்க வந்த இத்தாலி பைக்

செங்கம் ரோட்டில் மெக்கானிக் ஷாப் வைத்திருந்தேன். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, சத்தத்தை வைத்து என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

இரண்டாயிரம் வாக்கில் ஒரு நாள், என் கடைச் சுவரில் படமாக ஒட்டியிருந்த இத்தாலி ரேஸ் பைக் நேரிலேயே வந்து நின்றது. படத்தில் இருந்ததைவிட எஞ்சினைப் பெரிதாக்கிய புது மாடல். ஓட்டி வந்தவர், வருஷா வருஷம் எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வந்து தமிழும் பழகிவிட்ட வெள்ளைக்கார அம்மா. ஆனால் தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம்.

"ஆஃப் பண்ணுங்கம்மா! கிளட்ச் போயிடுச்சு, கழட்டியே ஆகணும்" என்று ஸ்பேனரோடு ஓடினேன்.

"தம்பி, டயருக்குக் காத்து மட்டும் போதும்" என்று சிரித்தார் அவர். கிளட்ச்சை விட்டார், சத்தம் நின்றது. பிடித்தார், மறுபடி வந்தது. நம் வண்டிகளில் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். இதில் எண்ணெயே கிடையாதாம், காய்ந்த தட்டுகள் ஒன்றோடொன்று மோதுமாம். பிறவியிலேயே இந்தச் சத்தம்தானாம்.

நம்பாமல் ஸ்க்ரூ டிரைவரை எஞ்சினில் ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்தேன். அவர் கிளட்ச்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை மெல்ல முறுக்கினார். ஒரு பிசிறில்லை. அந்த உறுமல் காது வழியாக நெஞ்சுக்குள் இறங்கியது. இதையா பிரித்துப் போடப் பார்த்தேன்!

காற்றடித்து அனுப்பினேன்.

இப்போதும் சத்தத்தோடு வண்டிகள் வருகின்றன. "எப்பவும் இப்டிதான் கத்துமாங்க?" என்று ஓட்டி வந்தவரிடம் கேட்ட பிறகுதான் ஸ்பேனரைத் தொடுகிறேன்.