வவுனியாவில் கிடந்த எங்கள் காசு

கிளிநொச்சியில் இருந்து யுத்தத்தால் இடம்பெயர்ந்து அக்கராயனுக்கு வந்த பிள்ளைகளுக்குக் காலையில் பால் கரைத்துக் கொடுக்கவென்று நாங்கள் நாலைந்து பேர் ஒரு சங்கம் வைத்திருந்தோம். தலைவி ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர். பொருளாளர் நான். கூட்டல் கழித்தல் பிழைக்காது என்பதுதான் என் ஒரே தகுதி.

வெளிநாட்டில் இருந்து எங்களுக்கு உதவியவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சங்கத்தின் நிதி நிலைமையை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினால்தான் அடுத்த உதவியாம். ஒரு பக்கம்தானே என்று கொப்பியோடு கதிரையில் இருந்தேன். முதல் வரியே வரவில்லை.

வங்கிப் புத்தகத்தின்படி ஒரு வருடத்துப் பாலுக்குக் காசு இருந்தது. வங்கி இருந்ததோ இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த வவுனியாவில். அங்கே போகப் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். மூன்று தரம் கேட்டும் கிடைக்கவில்லை. கையில் இருந்த காசு அடுத்த கிழமைச் சீனிக்கும் காணாது.

"பிள்ளை, எங்களிட்டைக் காசு இருக்கோ இல்லையோ?" என்று ரீச்சர் கேட்டா.

"இருக்கு ரீச்சர். ஆனா இல்லை."

"விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

"எனக்கே விளங்கேல்லை."

இதைக் கேள்விப்பட்டு ஊர்க் கடைக்காரர் ஒருவர் வந்தார். அவருடைய தம்பி வவுனியாவில் இருந்தார். "செக்கை எழுதித் தாங்கோ, தம்பி அங்கை மாத்துவான். நான் இஞ்சை பால்மா தாறன்" என்றார். ஆனால் இங்கத்தைய விலைக்கு. அங்கே நாலு தகரப் பேணி பால்மா வாங்கும் காசுக்கு இங்கே ஒரு பேணி. ஒரு வருடத்துப் பால் மூன்று மாதமாகச் சுருங்கியது.

"அநியாய விலை அண்ணை" என்றேன்.

"இதைக் கொண்டுவரப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் தங்கச்சி."

அதுவும் உண்மைதான். ரீச்சர் உடனே செக்கில் கையெழுத்து வைத்தா. நான் பேனையைப் பிடித்தபடி இருந்தேன்.

"நாளைக்குப் பாஸ் கிடைச்சால், ரீச்சர்?"

"நாளைக்குக் காலமை பிள்ளையளுக்கு என்னத்தைக் கரைக்கிறது?"

நானும் வைத்தேன்.

பத்து நாள் கழித்து எனக்குப் பாஸ் கிடைத்தது! வவுனியாவுக்குப் போய் ஒரு கடையில் பால்மா அடுக்கியிருந்ததைப் பார்த்தேன்; எங்கள் ஊர் விலையில் காற்பங்குதான். சோதனைச் சாவடியில் எத்தனை பேணி கொண்டுபோக விடுவார்கள் என்று விசாரித்தேன். "ரெண்டுக்கு மேலை விடமாட்டினம்" என்றார் அந்தக் கடைக்காரர். அப்படியென்றால் நாங்கள் ஏமாந்தோமா, தப்பினோமா? பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் வேறு விடை வந்தது.

கடைசியில், நடந்ததை நடந்தபடியே ஏழு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். இரண்டு மாதத்தின் பின் பதில் வந்தது. தங்களுக்கு முழுதாக விளங்கவில்லை, ஆனாலும் உதவி தொடரும் என்று எழுதியிருந்தார்கள். பால் கரைத்துக்கொண்டு நின்ற பெண்களுக்கு ரீச்சர் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினா. விளங்காதது எனக்கு மட்டுமில்லை என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது.